காயலான் கடை ஜீப் ரோட்டில் ஓடலாமா?

நாகூர் கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

பத்து அடி போகும். பிறகு முன் சக்கரம் புதையும். இறங்கித் தள்ள வேண்டியதுதான். மோட்டார் சைக்கிள் என்றாலும் அதே கதை. கார் என்றால் கேட்கவே வேண்டாம். சக்கரம் சுற்றச் சுற்ற, கார் கீழே இறங்கும். கடைசியில் அதன் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒரு டிராக்டரைக் கூப்பிட வேண்டும்.

நாகூருக்குக் கிழக்கே கடல். வெட்டாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. மேற்கே போனால் நெல் வயல். சேற்று உழவு நடக்கும் நாட்களில் வயலில் முழங்கால் அளவு சேறு. வாய்க்கால் கரைப் பாதையில் ஒரு மழை பெய்தால் போதும், மாடே வழுக்கி விழும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை மாவட்டக் கரையைத் தாக்கியது. அப்படிப்பட்ட நாட்களின் மறுநாள் காலையில் மணலிலும் சேற்றிலும் போகக்கூடிய வண்டி ஒன்று இருந்தால், அதன் அருமை இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு வண்டி கடையில் கிடைக்காதா? கிடைக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற புது வண்டியின் விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். படகுக் கடனும் பயிர்க் கடனும் உள்ளவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்களா?

ஆகவே கண் காயலான் கடைப் பக்கம் போகிறது. (காயல்பட்டினத்தார் நடத்திய கடைகள் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.) அங்கே ஒரு ஜீப்பின் சட்டம் கிடக்கும். வேறொரு வண்டியின் எஞ்சின் கிடக்கும். சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் கியர் பெட்டி முதல் கதவுக் கைப்பிடி வரை கிடைக்கும். எல்லாவற்றையும் ஒட்டி ஒரு வண்டி செய்துவிட்டால் என்ன?

செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அதை ரோட்டில் ஓட்டலாமா? அதுதான் இன்றைய கேள்வி.

வண்டி எப்படிப் பிறக்கிறது?

நாகூரில் ஒரு பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி ஒருவர், கையாள் பையன் ஒருவன். முன்னால் துருப்பிடித்த ஜீப் சட்டம் கிடக்கிறது. இதைத்தான் சேஸிஸ் என்கிறோம். ஏணியைப் படுக்க வைத்தது போல் இருக்கும். மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, வண்டிக்கு அது அப்படி.

சட்டத்துக்குக் கீழே இரண்டு ஆக்சில். சாதாரண வண்டியில் இரண்டு சக்கரத்துக்குத்தான் எஞ்சினின் சக்தி போகும். ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் போகும். நான்கு மாடு பூட்டிய வண்டி மாதிரி. பின் சக்கரம் சேற்றில் மாட்டினாலும், முன் சக்கரம் இழுத்துப் போட்டுவிடும்.

இந்தச் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட ஒரு தனிப் பெட்டி உண்டு. 'டிரான்ஸ்பர் கேஸ்' என்பார்கள். அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கம்பியைத் தள்ளினால் வேகம் பாதியாகும். இழுக்கிற பலம் இரண்டு மடங்காகும். சேற்றில் வேண்டியது வேகம் அல்ல, நிதானமான இழுவை. பாரம் ஏற்றிய வண்டியை மாடு எப்படித் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல இழுக்கிறதோ அப்படி.

டயர் விஷயம் இன்னும் வேடிக்கையானது. ரோட்டில் ஓட டயரில் காற்று நிறைய வேண்டும். மணலில் ஓட, காற்றைக் குறைக்க வேண்டும்! 30 பவுண்டு காற்றை 15 பவுண்டாக இறக்கினால் டயர் தட்டையாகும். மணலில் பதியும் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பது இதற்காகத்தான். ஆனால் மணலை விட்டு ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். மறந்துவிட்டு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

டெல்டா உழவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேற்று உழவுக்கு டிராக்டரின் ரப்பர் டயரோடு கூண்டு போன்ற இரும்புச் சக்கரத்தை மாட்டுகிறார்கள் அல்லவா? கேஜ் வீல் என்ற அந்தச் சக்கரம் செய்வதும் இதே வேலைதான். பாரத்தை அகலமாகப் பரப்பி, சேற்றைப் பிடித்துத் தள்ளுகிறது.

இரும்பு வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. ரயில் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் கடைசியில் அது திருச்சி பொன்மலைக்குப் போயிற்று. 1928-இல் நடந்த பெரிய ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு, ஆட்குறைப்போடு இந்த இடமாற்றமும் ஒரு காரணம். எஞ்சின் போனது, கைத்தொழில் போய்விடவில்லை.

போர்க்களத்தில் பிறந்தது

ஜீப்பே ஒரு காலத்தில் கழித்துக் கட்டிய சாமான்தான்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவின் வில்லிஸ், போர்டு கம்பெனிகள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. அறுபது குதிரை சக்தி எஞ்சின், கதவு கிடையாது, தகர உடம்பு. யுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஜீப்புகள் அந்தந்த நாட்டில் அப்படியே கிடந்தன. ராணுவம் ஏலம் போட்டது. விவசாயிகளும் வியாபாரிகளும் வாங்கினார்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர்கள் அவற்றை நீளமாக்கி, பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்டு, வண்ண வண்ணமாகப் பூச்சுப் பூசி, 'ஜீப்னி' என்று பெயர் வைத்து பஸ்ஸாக ஓட்டினார்கள். அதுவே அந்த நாட்டின் அடையாளமாகிவிட்டது. 2017-இல் அந்த நாட்டு அரசாங்கம் பழைய ஜீப்னிகளை ஒழித்துப் புது வண்டிகளைக் கொண்டுவர ஒரு திட்டம் போட்டது. டிரைவர்கள் 2023-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'புது வண்டி வாங்கப் பணம் எங்கே?' என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நம் ஊர்க் கேள்விதான் அங்கேயும்!

இந்தியாவில் ஜீப்பைக் கொண்டுவந்தது மகிந்திரா கம்பெனி. 1945-இல் ஆரம்பித்தபோது அதன் பெயர் 'மகிந்திரா அண்டு முகமது'. கூட்டாளியான குலாம் முகமது, பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய், 1951-இல் அந்த நாட்டின் கவர்னர் ஜெனரலாகவே ஆகிவிட்டார். கம்பெனியின் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என்று மாறியது.

நாயுடு செய்த கார்

சொந்தக் கையால் வண்டி செய்வது என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருகிறவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

1893-இல் பிறந்தவர். இளம் வயதில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். அந்த வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஏறி ஊரைச் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்! பிறகு மறுபடி மாட்டினார். அவருக்குக் கல்லூரி அதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கினார்.

1952-இல் இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறிய பெட்ரோல் காரைச் செய்தார். விலை 2,000 ரூபாய். ஆனால் அதைத் தயாரிக்க அரசாங்கம் லைசென்சு கொடுக்கவில்லை. கார் நின்றுபோயிற்று.

சாமர்த்தியம் ஒரு பக்கம், அனுமதிச் சீட்டு மறு பக்கம். எழுபது வருஷத்துக்குப் பிறகும் இந்த இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டுதான் நிற்கின்றன.

60,000 ரூபாய் ஜீப்

2021-ஆம் வருஷக் கடைசியில் ஒரு செய்தி நாடு முழுவதும் பரவியது. மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்தில் ஓர் இரும்புத் தொழிலாளி, பழைய சாமான்களைக் கொண்டு ஒரு சின்ன ஜீப்பைச் செய்துவிட்டார். செலவு சுமார் 60,000 ரூபாய். மோட்டார் சைக்கிளைப் போல் காலால் உதைத்தால் கிளம்பும்!

மகிந்திரா கம்பெனித் தலைவர் ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்தார், பாராட்டினார். அதோடு ஒரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். இந்த வண்டி சட்டப்படி இல்லை, இன்றோ நாளையோ அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள் என்றார். அந்த வண்டிக்குப் பதிலாக ஒரு புது பொலிரோ தருவதாகவும் அறிவித்தார். 2022 ஜனவரியில் அந்தக் குடும்பம் பொலிரோவைப் பெற்றுக்கொண்டது. கையால் செய்த ஜீப், கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் பார்வைக்கு வைக்கப் போய்விட்டது.

நல்ல முடிவுதான். ஆனால் ஊருக்கு ஊர் ஆனந்த் மகிந்திராவா வருவார்?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ரோட்டில் ஓடுகிற எந்த மோட்டார் வண்டியும் பதிவு பெறவேண்டும். கம்பெனி சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 52-வது பிரிவு சொல்கிறது.

2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. கேரளாவிலிருந்து வந்த வழக்கு அது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றி வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று தீர்ப்பு ஆயிற்று. அதே வருஷம் சட்டத்தையும் திருத்தினார்கள். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். காயலான் கடை ஜீப்பில் மாறாதது எது? எஞ்சின் ஒன்று, ஆக்சில் இரண்டு, டயர் நான்கு என்று எண்ணத் தொடங்கினால் விரல் போதாது.

வட இந்தியாவில் 'ஜுகாட்' என்று ஒரு வண்டி உண்டு. தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரச் சட்டத்தில் பூட்டி, ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். 'இது மோட்டார் வாகனமே அல்ல' என்று சிலர் வாதாடினார்கள். 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. ஜுகாடும் மோட்டார் வாகனம்தான், பதிவும் இன்சூரன்சும் இல்லாமல் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டது. சென்னையில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிறார்களே, அதற்கும் இது பொருந்தும்.

ஒரு விலக்கு உண்டு. தொழிற்சாலைக்குள்ளோ, அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த வண்டி, சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகாது. ஆனால் கடற்கரை அடைத்த வளாகம் அல்ல. வாய்க்கால் கரையும் அல்ல.

சிக்கல் எங்கே தெரியுமா?

வண்டிக்கு ஜாதகம் அதன் சேஸிஸ் எண். சட்டத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சினிலும் ஓர் எண் உண்டு. இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கவேண்டும்.

நம்முடைய நாகூர் பட்டறைக்குத் திரும்பலாம். பையன் கேட்கிறான்:

"நானா, சட்டம் ஒரு ஜீப்பு, எஞ்சின் வேறு ஜீப்பு. இதுக்கு எந்த நம்பரைப் போடுவீங்க?"

"அதைத்தான்டா தம்பி நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

மேஸ்திரி யோசிப்பதில் தப்பில்லை. ஒரு வண்டி அழிந்துவிட்டாலோ, இனி ஓடவே ஓடாது என்றாலோ, 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்லி ரத்து செய்யவேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த ஜீப்பின் பழைய சொந்தக்காரர் சொன்னாரா? பல பேர் சொல்வதில்லை. இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். செத்த வண்டியின் புத்தகம் உயிரோடு இருக்கும். அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்கி, திருட்டு வண்டிக்கு அந்த எண்ணைப் பொறிக்கிறவர்களும் உண்டு. யோக்கியமான மேஸ்திரியையும் போலீஸ் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது இதனால்தான்.

இந்த நிலையை மாற்றத்தான் 2021-இல் மத்திய அரசாங்கம் பழைய வண்டிகளைக் கழிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அனுமதி பெற்ற நிலையத்தில் வண்டியைக் கொடுத்தால், அழித்ததற்குச் சான்று கிடைக்கும். 15 வருஷத்துக்கு மேற்பட்ட அரசாங்க வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை. கணக்கு நேராகும் என்பது உண்மை. அதே சமயம், காயலான் கடைக்கு வரும் சாமான் இதனால் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடிபட்டவனுக்கு யார் பதில்?

சட்டத்தை ஏழைக்கு விரோதி என்று திட்டுவது சுலபம். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்சூரன்சு விஷயத்தைப் படித்த பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியது.

பதிவு இல்லாத வண்டிக்கு இன்சூரன்சு கிடைக்காது. அந்த வண்டி தர்கா தெருவில் ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டது என்று வையுங்கள். இன்சூரன்சு இருந்தால் கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கும். இல்லாவிட்டால்? கோர்ட்டு வண்டிச் சொந்தக்காரரைத்தான் கொடுக்கச் சொல்லும். அவரிடம் என்ன இருக்கும்? ஒரு வீடு, கொஞ்சம் நகை. அது ஏலத்துக்குப் போகலாம். அதுவும் இல்லை என்றால், அடிபட்டவர் குடும்பம் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 60,000 ரூபாயில் வண்டி செய்ததாகச் சந்தோஷப்பட்ட வீடும் அழும், எதிர் வீடும் அழும்.

மோதல் வருவதற்குக் காரணமும் வண்டியிலேயே இருக்கிறது. பெரிய எஞ்சினைப் பூட்டிவிட்டு, பழைய சின்ன பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சேற்றில் அடி தட்டாமல் இருக்க வண்டியை உயர்த்துகிறார்கள். உயர உயர, வளைவில் கவிழும் அபாயமும் கூடும். தலையில் குடம் வைத்துக்கொண்டு ஓடுவது மாதிரி.

எல்லாவற்றையும்விட மோசம், ஸ்டீரிங் கம்பியில் வெல்டிங் வைப்பது. அந்த இரும்பு பக்குவமாகச் சூடேற்றி, அடித்து, பதம் வைத்தது. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டு பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு பள்ளத்தில் படீரென்று முறியும். அப்போது கையில் இருப்பது ஸ்டீரிங் அல்ல, வெறும் வளையம். கதவுக்கும் கூரைக்கும் வெல்டிங் வைக்கட்டும். ஸ்டீரிங்குக்கும் பிரேக்குக்கும் வைக்கவே கூடாது.

வேறு நாட்டில் எப்படி?

வீட்டுக் கொட்டகையில் வண்டி செய்கிறவர்கள் இங்கிலாந்தில் நிறைய. அங்கே ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு வண்டி செய்தவனும் அதைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போகலாம். பிரேக், விளக்கு, பெல்ட், ஸ்டீரிங் எல்லாவற்றையும் அதிகாரி பார்ப்பார். தேறினால் பதிவு. எந்த வருஷத்து வண்டி என்று சொல்ல முடியாவிட்டால், 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் பலகை கொடுப்பார்கள். வாங்குகிறவனுக்குப் பார்த்த உடனே தெரியும், இது கலப்பு வண்டி என்று.

பையன் கேட்டானே, எந்த நம்பர் என்று? அதற்கும் அங்கே பல வருஷம் ஒரு மார்க்குக் கணக்கு இருந்தது. பழைய சேஸிஸ் மாறாமல் இருந்தால் 5 மார்க்கு. ஸ்டீரிங், ஆக்சில், கியர் பெட்டி, சஸ்பென்ஷன் ஒவ்வொன்றுக்கும் 2 மார்க்கு. எஞ்சினுக்கு 1 மார்க்குத்தான்! மொத்தம் 8 வாங்கினால் பழைய நம்பர் நிலைக்கும். நம் பள்ளிக்கூடப் பரீட்சை போல் எளிதான கணக்கு.

நம் நாட்டில் புது மாதிரி வண்டியைச் செய்கிறவர், பூனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் கொடுத்துச் சோதித்துச் சான்று வாங்கவேண்டும். ஆயிரம் வண்டி செய்யும் தொழிற்சாலைக்கு அது சரி. ஒரே வண்டி செய்கிற நாகூர் மேஸ்திரிக்குக் கட்டுபடி ஆகுமா? மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம், மண்டலத்துக்கு ஒரு சோதனை நாள் வைத்தால்கூடப் போதும். தேறாத வண்டியை அங்கேயே நிறுத்திவிடலாம். தேறிய வண்டி இன்சூரன்சோடு ஓடட்டும். இது என் அபிப்பிராயம்.

தேறிய வண்டிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை நாகைக் கடற்கரையில் ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டை மணலுக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் மணலில் விளையாட்டுக்கு வண்டி ஓட்டுவது பாவம்.

வண்டி செய்யும் ஆசை உள்ள காலேஜ் மாணவர்களுக்கு வேறு கதவு திறந்திருக்கிறது. 'பாஜா' என்ற போட்டி 2007-இல் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் தொடங்கியது. மேடு பள்ளத்தில் ஓடும் ஒற்றை ஆள் வண்டியை மாணவர்களே செய்து கொண்டுவரவேண்டும். ஓடுவதற்கு முன்னால் பிரேக் சோதனை. நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் நிற்காவிட்டால், வண்டி களத்தில் இறங்காது.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள்

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைக் காகிதமும் பென்சிலும் எடுத்துப் போங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடையுங்கள். காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண் அப்படியே காகிதத்தில் விழும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் புது வெல்டிங்கோ புது பெயிண்டோ தெரிந்தாலோ, முன்பணம் கொடுக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்த எண்ணைக் காட்டி விசாரியுங்கள்.